முகத்துக்கு முன்னால் விளிம்பு: ஜெர்மன் நினைவு வெள்ளிக் காசுகளும் பதக்கங்களும்

பழைய ஜெர்மன் வெள்ளிக் காசு ஒன்று கைக்கு வந்ததும் கண் போவது முகத்துக்குத்தான். எந்த அரசர், எந்த ஆண்டு, கழுகின் சிறகு எவ்வளவு தெளிவு என்று பார்ப்போம். போலி அடிப்பவனுக்கும் இது தெரியும். அவன் உழைப்பெல்லாம் முகத்தில் இருக்கும். எடையிலும் விளிம்பிலும் கோட்டை விட்டிருப்பான். அதனால் பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. முதலில் தராசு, அடுத்து வெர்னியர், பிறகு விளிம்பு, கடைசியில் முகம். 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு, ஒரு வெர்னியர் காலிப்பர், 10 மடங்கு லென்ஸ் ஆகிய மூன்றையும் முதல் காசுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

எடைக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். அது ஒன்றும் கஷ்டமில்லை. 1871-ல் அமைந்த ஜெர்மன் பேரரசில் 500 கிராம் சுத்த வெள்ளிக்கு 100 மார்க் என்பது விதி. அதாவது மார்க் ஒன்றுக்கு 5 கிராம். காசு 900 தரம், அதாவது ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, நம் பட்டறைப் பேச்சில் 90 டச். ஆகவே 2 மார்க் 11.11 கிராம், 3 மார்க் 16.67 கிராம், 5 மார்க் 27.78 கிராம். விட்டம் முறையே 28, 33, 38 மி.மீ. வெள்ளி மட்டும் 10, 15, 25 கிராம். 3 மார்க் காசு 1908-ல்தான் வந்தது. அதுவரை பழைய தாலர் காசே 3 மார்க் மதிப்பில் கைமாறிக்கொண்டிருந்தது. 1907-ல் தாலர் செல்லாமல் போனதும் அந்த இடத்தை நிரப்பப் புதிய காசு தேவைப்பட்டது.

முதல் உலகப் போருக்கும் பணவீக்கத்துக்கும் பிறகு வந்த வைமார் குடியரசில் கணக்கு சரிபாதி. மார்க் ஒன்றுக்கு 2.5 கிராம் வெள்ளி, தரம் 500. 3 ரைஷ்ஸ்மார்க் (அப்போதைய மார்க்கின் பெயர்) 15 கிராம், 30 மி.மீ.; 5 ரைஷ்ஸ்மார்க் 25 கிராம், 36 மி.மீ. 1933-ல் 5 ரைஷ்ஸ்மார்க் திடீரென்று 29 மி.மீ., 13.89 கிராமாகச் சுருங்குகிறது. புதிதாகச் சேர்ப்பவர்கள் இதில் வெள்ளி குறைந்துவிட்டது என்று நினைத்து விலையைக் குறைத்துக் கேட்பார்கள். உண்மையில் தரம் 900-க்கு ஏறியிருக்கிறது. உள்ளே இருப்பது அதே 12.5 கிராம்.

மேற்கு ஜெர்மனியின் 5 மார்க் 625 தரம், 11.2 கிராம், 29 மி.மீ., வெள்ளி 7 கிராம். 1972 ஒலிம்பிக்குக்காக வந்த 10 மார்க் அதே தரத்தில் 15.5 கிராம், 32.5 மி.மீ. 1998-லிருந்து 10 மார்க் 925 தரமானது. 2002 முதல் 2010 வரை 10 யூரோ 925 தரம், 18 கிராம். அடுத்த ஆண்டில்தான் வலை விரிந்திருக்கிறது. 2011 முதல் சாதாரண 10 யூரோ செம்பு-நிக்கல். கண்ணாடிப் பூச்சு போன்ற சிறப்பு அச்சு மட்டுமே வெள்ளி, அதுவும் 625 தரம், 16 கிராம். முன்பின் ஆண்டுகளைக் கலந்து ‘வெள்ளி 10 யூரோ 20 காசு’ என்று கட்டாக விற்பவர்களிடம் ஆண்டு வாரியாக எண்ணி வாங்க வேண்டும். 2016-லிருந்து 20 யூரோ, 925 தரம், 18 கிராம். கிழக்கு ஜெர்மனிக்கு இப்படி ஒரே விதி கிடையாது. 1966-ல் ஷிங்கல் 10 மார்க்கும் லைப்னிட்ஸ் 20 மார்க்கும் 800 தரத்தில் தொடங்கின, பிறகு தரம் 500 வரை இறங்கியது. ஒவ்வொரு காசுக்கும் தனியாகப் பார்க்க வேண்டியதுதான்.

தண்ணீரில் ஒரு சோதனை

எடையும் விட்டமும் சரியாக இருந்தால் போதுமா என்றால், இல்லை. வெள்ளி முலாம் பூசிய பித்தளையில் 5 மார்க் செய்து அளவைச் சரியாக வைத்தால் எடை 23 கிராமுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அதைத் தராசே காட்டிக்கொடுக்கும். கொஞ்சம் புத்திசாலி காசைத் தடியாக்கி எடையை ஈடுகட்டுவான். அப்போது கனம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும். நல்ல காசு ஒன்றை விளிம்போடு விளிம்பாக நிறுத்திப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

சந்தேகம் தீராதபோது அடர்த்தியைப் பார்க்கலாம். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக முழுக, அடியையோ பக்கத்தையோ தொடாமல் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணே காசின் கன அளவு. காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி. 900 தரத்துக்கு 10.3, 925-க்குக் கிட்டத்தட்ட 10.4, 625-க்கு 9.9-ஐ ஒட்டி, சுத்த வெள்ளிக்கு 10.5 வர வேண்டும். நல்ல 5 மார்க் காசு தண்ணீரில் 2.69-ஐ ஒட்டி நிற்கும். 2.9-ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும், 3-ஐத் தாண்டினால் யோசிக்க ஒன்றுமில்லை. காசில் ஒட்டிய காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் கணக்கு பிசகும். தண்ணீரில் ஒரு துளி சோப்புத் திரவம் விட்டால் குமிழி நிற்காது. சோதனை முடிந்ததும் காசைக் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்க வேண்டாம்.

நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்-கதிர் டச் மெஷினை நம்பிப் போகிறவர்கள் உண்டு. அந்த மெஷின் படிப்பது மேல்தோலை மட்டும்தான். தடித்த வெள்ளி முலாமைத் தரமான வெள்ளி என்று சொல்லிவிடும். நேர்மையான வைமார் காசையும் 500-க்கு மேலாகவே காட்டும். அதன் காரணத்தைக் கீழே பார்க்கலாம். உரைகல்லுக்கு மட்டும் கொண்டுபோகவே கூடாது. விளிம்பில் ஒரு தேய் விழுந்தால் அந்தக் காசு அதோடு உருக்கு விலைக்கு, அதாவது உள்ளே இருக்கும் வெள்ளியின் விலைக்கு, இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

விளிம்பு பேசுவது

பேரரசுக் கால 3 மார்க், 5 மார்க் காசுகளின் விளிம்பில் ‘காட் மிட் உன்ஸ்’, கடவுள் நம்மோடு, என்ற எழுத்துகள் குழிவாக ஓடும். 2 மார்க்குக்கு எழுத்து கிடையாது, வரிவிளிம்பு மட்டும். இந்த எழுத்து, முகம் அச்சடிப்பதற்கு முன்பே வெற்றுத் தகட்டின் ஓரத்தில் உருட்டிப் பதித்தது. அதனால் அரசர் தலை மேலே இருக்கும்போது எழுத்து நேராகவும் இருக்கலாம், தலைகீழாகவும் இருக்கலாம். இதை ‘அபூர்வப் பிழை அச்சு’ என்று கூடுதல் விலை சொல்பவரைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள்.

வார்ப்புப் போலியில் எழுத்தின் அடி மழுங்கி, சோப்புக்கட்டியில் பதித்த மாதிரி தெரியும். சுற்றிலும் ஒரு மெல்லிய இணைப்புக் கோடோ, அதை அராவிய தடமோ இருக்கும். எழுத்துகளுக்கு இடையே உள்ள அலங்காரங்கள் சமதூரத்தில் இல்லாவிட்டாலும் சந்தேகப்படலாம். இன்னொரு எளிய சோதனை: காசை மேல்-கீழ் அச்சில் பிடித்து, இடம் வலமாகத் திருப்புங்கள். பேரரசுக் காலம் தொட்டு ஜெர்மன் காசுகளில் இரு பக்கமும் நேராக நிற்க வேண்டும். பின்பக்கம் தலைகீழாக வந்தால் அது வேறு யாரோ அடித்தது.

சில காசுகளில் விளிம்பின் வாசகமே சோதனைக் கேள்வி. 1932-ல் கோதே மறைந்து நூறாண்டு ஆனதற்கு வந்த 3, 5 ரைஷ்ஸ்மார்க் காசுகளின் விளிம்பில் அவர் வரியே இருக்கிறது: எல்லா வல்லமைகளையும் எதிர்த்து நிலைத்து நிற்பது. வைமார் காசுகளில் இந்த 5 மார்க் கோதேதான் எல்லோரும் தேடுவது, ஆகவே அதிகம் போலியாவதும் அதுதான். 1955 ஷில்லர் 5 மார்க்கின் விளிம்பில் ‘ஒன்றுபடுங்கள்’ என்ற அழைப்பு வரும். ‘ஐனிக்’ என்ற சொல் மூன்று முறை. சாதாரண 5 மார்க்கின் விளிம்பு வாசகமான ‘ஒற்றுமையும் உரிமையும் சுதந்திரமும்’ ஷில்லர் காசின் ஓரத்தில் இருந்தால் முகத்தைத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம்.

வைமார் காசின் தோல்

இந்தத் துறையில் அதிகம் பாழாவது வைமார் காசுகள். போலிகளால் அவ்வளவு நஷ்டம் இல்லை, துடைப்பவர்களால்தான். 500 தரம் என்றால் பாதி வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அச்சடிக்கும் முன் தகட்டைச் சூடாக்கி அமிலத்தில் முக்குவார்கள். மேற்பரப்பில் இருக்கும் செம்பு கரைந்து போய், வெள்ளி செறிந்த ஒரு மெல்லிய தோல் மட்டும் நிற்கும். அந்தத் தோலின் மேல்தான் அச்சு விழுகிறது. புதிதாக வந்தபோது காசு வெள்ளைவெளேர் என்று இருந்ததற்கும், டச் மெஷின் கூடுதலாகக் காட்டுவதற்கும் காரணம் அதுவே.

1930-ன் ‘கிராஃப் செப்பலின்’ 3 மார்க்கை லென்ஸின் கீழே வைத்துப் பாருங்கள். 1929-ல் உலகைச் சுற்றிவந்த வான்கப்பல், பின்னால் பூமிக் கோளம். புழங்கிய காசில் முதலில் தேய்வது கப்பலின் வயிறு. அங்கே வெள்ளைத் தோல் போய், கீழிருந்து மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம் எட்டிப் பார்க்கும். சுற்றியுள்ள தளம் இன்னும் சாம்பல் வெள்ளை. இந்த நிற வித்தியாசம் நேர்மையான தேய்வின் அடையாளம். இப்போது அதே காசைப் புளியிலோ, பல்பொடியிலோ, விபூதியிலோ துலக்கியதாக வைத்துக்கொள்வோம். தோல் எங்கும் ஒரே சீராகப் போய்விடும். காசு முழுவதும் பித்தளை மாதிரி மஞ்சளடித்துப் பளபளக்கும். பிறகு எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. நகை வெள்ளிக்கு விற்கும் முக்கியெடுக்கும் திரவமும் இப்படித்தான். சில விநாடியில் கறுப்பு போகும், கூடவே அச்சின் பளபளப்பும் போகும். குத்துவிளக்குக்கு உரியதைக் குத்துவிளக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தொட அனுமதி உள்ள அழுக்கு இரண்டே. ஒன்று, மலிவு பிளாஸ்டிக் உறை உருகிப் படிந்த பச்சைப் பிசின். இன்னொன்று, பழைய ஜெர்மன் சேகரிப்பாளர்கள் பாதுகாப்புக்கென்று பூசிய சாப்போன் லாக்கர். காசைச் சாய்த்தால் மஞ்சள் கலந்த, ஈரம் போன்ற மினுப்புத் தெரியும். இரண்டுக்கும் கலப்பில்லாத அசிட்டோன் போதும். நகப்பூச்சு அகற்றும் திரவம் கூடாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றி, மூடி, சில மணி நேரம் விடுங்கள். எடுத்து, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, நிறுத்தி உலர விடுங்கள். தேய்க்க வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது.

‘பி.பி.’ என்ற இரண்டு எழுத்து

ஜெர்மன் விற்பனைப் பட்டியல்களில் தர வார்த்தைகள் ஏமாற்றும். ‘ஷோன்’ என்றால் அழகு. காசுத் தரத்தில் அது நன்றாகத் தேய்ந்த காசு. ‘ஜேர் ஷோன்’, மிக அழகு, என்பது நடுத்தரத் தேய்வு. லேசாகப் புழங்கியது ‘ஃபோர்சூக்லிஷ்’. புழங்காதது ‘ஷ்டெம்பல்கிளான்ஸ்’. தரத்தை விட அதன் பின்னால் வரும் சின்ன வார்த்தைகளைத்தான் உற்றுப் படிக்க வேண்டும். ‘ராண்ட்ஃபேலர்’ விளிம்பில் அடி, ‘கெரைனிக்ட்’ துடைத்தது, ‘பெரீபன்’ உரசல் பட்டது, ‘ஹென்கல்ஷ்பூர்’ ஒரு காலத்தில் வளையம் வைத்து நகையாக்கியதன் தடம். கடைசியது விலையைப் பாதிக்கும் கீழே தள்ளும். வளையத்தை அறுத்து, அராவி, மினுக்கி விட்டிருப்பார்கள். காசை 12 மணி நிலையில் பிடித்து விளிம்பைப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் எழுத்தோ வரியோ மறைந்திருக்கும். ப்ரூச்சாக்கிய காசாக இருந்தால் பின்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் பற்றவைத்த புள்ளி தெரியும்.

பி.பி. என்பது ‘போலியர்ட்டே பிளாட்டே’. மெருகேற்றிய தகட்டில் மெருகேற்றிய அச்சால் அடித்தது. இது அச்சடித்த முறையின் பெயர், தரத்தின் பெயர் இல்லை. பி.பி. காசும் கைபட்டுக் கெடும். பேரரசுக் கால பி.பி. காசுகளின் விலை சாதாரணக் காசைப் போலப் பல மடங்கு என்பதால், சாதாரணக் காசை மெருகேற்றி பி.பி. என்று விற்பது பழைய தொழில். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எழுத்தின் அடிக்குப் போக வேண்டும். உண்மையான பி.பி.யில் தளத்தின் கண்ணாடி, எழுத்தின் அடி வரைக்கும் குறையாமல் போய் முட்டும். எழுத்தின் ஓரம் கத்தி போல நிமிர்ந்து நிற்கும். மெருகேற்றிய காசில் துணி எழுத்தின் அடிக்குள் நுழையாது. எழுத்தைச் சுற்றி மங்கலான ஒரு வளையம் விழும், எழுத்தின் தோள் உருண்டிருக்கும், மயிரிழைக் கோடுகள் தளத்திலிருந்து எழுத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். ஒரு விளக்கின் கீழ் காசை மெல்லச் சுழற்றினால் இந்தக் கோடுகள் ஒரே திசையில் எழுந்து மறையும். இணையத்தில் வாங்குபவர்கள் படத்தை நம்பாமல், சாய்த்துச் சுழற்றும் காணொளியும் விளிம்புப் படமும் கேட்க வேண்டும். தர மறுத்தால் அதுவே பதில்.

எங்கிருந்து தொடங்கலாம்

எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் எதுவும் தேறாது. முதல் வட்டத்துக்கு நல்லவை, அதிகம் அச்சடித்ததால் இன்றும் எளிதில் கிடைப்பவை. பிரஷ்யாவின் 1861 முடிசூட்டுத் தாலர், முதலாம் வில்ஹெல்மும் அகஸ்டாவும் மகுடத்தோடு. 1871 வெற்றித் தாலர். பிரஷ்ய முடியாட்சியின் 200 ஆண்டுக்கு 1901-ல் வந்த 2, 5 மார்க். 1813-ல் நெப்போலியனை எதிர்க்கச் சொல்லிப் பிரஷ்ய மன்னர் மக்களுக்கு விடுத்த அழைப்பின் நூற்றாண்டுக்கு 1913-ல் வந்த 2, 3 மார்க், பின்பக்கம் பாம்பைக் கவ்வும் கழுகு. அதே ஆண்டு லைப்சிக் போர் நினைவுச் சின்னத்துக்காகச் சாக்சனி வெளியிட்ட 3 மார்க். தாலர்கள் 18.52 கிராம், 900 தரம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஆறேழு காசையும் ‘ஃபோர்சூக்லிஷ்’ தரத்தில் நிதானமாகத் தேடி வாங்கினால் கண் பழகிவிடும். பழகிய கண்தான் அடுத்த வட்டத்துக்கு முதலீடு.

காசில் உள்ள ஒற்றை எழுத்து, அச்சடித்த நாணயச்சாலை. ஏ பெர்லின், டி மியூனிக், இ முல்டன்ஹ்யூட்டன் (1887 வரை டிரெஸ்டன்), எஃப் ஷ்டுட்கார்ட், ஜி கார்ல்ஸ்ரூஹ, ஜே ஹாம்பர்க். வைமார் காலத்தில் ரைன்லாந்து ஆயிரமாண்டு (1925), செப்பலின் போன்றவை ஆறு எழுத்திலும் வந்தன. லூபெக் (1926), டியூரர் (1928), மைசன் (1929) போன்றவை ஒரே ஓர் எழுத்தில் மட்டும். ஆறு எழுத்தையும் சேர்ப்பது செலவு பிடிக்கும் வேலை. வடிவத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் அதே பணத்தில் தரத்தை உயர்த்தலாம். இதில் ஆளுக்கு ஆள் கருத்து மாறும். எழுத்து வாரியாகச் சேர்ப்பது கணக்குப்பிள்ளை வேலை என்பது இங்கே உள்ள கட்சி.

மேற்கு ஜெர்மனியில் ‘முதல் ஐந்து’ என்று ஒரு தொகுதி உண்டு: நியூரம்பர்க் ஜெர்மானிய அருங்காட்சியகம் (1952, டி), ஷில்லர் (1955, எஃப்), பாடன் சிற்றரசர் லூட்விக் (1955, ஜி), ஐகன்டார்ஃப் (1957, ஜே), ஃபிக்டே (1964, ஜே). முதல் நான்கும் 2,00,000 வீதமே வந்தன. அருங்காட்சியகக் காசில் இருக்கும் கழுகு வடிவ ஊக்கு அழகு. அதைவிட அழகாகப் போலி செய்திருக்கிறார்கள், சரியான வெள்ளியிலேயே, சரியான எடையிலேயே. இங்கே தராசு உதவாது. உண்மைத்தன்மைக்குக் கால வரம்பில்லாமல் பொறுப்பேற்கும் வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள். 1972 ஒலிம்பிக் 10 மார்க் இதற்கு நேர் எதிர்: கோடிக்கணக்கில் வந்தது. முதல் வடிவத்தில் ‘ஜெர்மனியில்’ என்று இருந்ததைப் பிறகு ‘மியூனிக்கில்’ என்று மாற்றினார்கள். இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் வெள்ளி விலைக்கு மேல் அதிகம் கொடுக்க வேண்டாம். மேற்கு ஜெர்மன் மார்க்குக்கு ஒரு தரைவிலையும் உண்டு: ஜெர்மன் மத்திய வங்கி காலவரையறை இல்லாமல் 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ தருகிறது. பேரரசு, வைமார் காசுக்கு அது கிடையாது.

சாக்சனி 1917-ல் சீர்திருத்த இயக்கத்தின் 400-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட ‘ஞானி ஃபிரெடரிக்’ 3 மார்க், மொத்தம் 100 காசு. பழைய பொருள் சந்தையில் ஒன்று கண்ணில் பட்டால் இதயம் துடிக்கத் தேவையில்லை. அது நகல்.

நாஜி காலக் காசுகளில் லூதர் (1933), ஷில்லர் (1934) இரண்டிலும் ஸ்வஸ்திகா இல்லை. சின்னம் உள்ளவற்றை ஜெர்மனியில் பொதுவில் காட்டச் சட்டத் தடை இருப்பதால், விற்பனைப் படங்களில் அந்த இடத்தை மறைத்திருப்பார்கள். குறையை மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

பதக்கங்கள்

காசுக்கு அரசு பொறுப்பு. பதக்கத்துக்கு யாரும் பொறுப்பில்லை. எத்தனை அடித்தார்கள் என்பது அநேகமாகத் தெரியாது. காசுக்குரிய யேகர் எண் (ஜெர்மன் காசுகளின் பட்டியல் புத்தகத்தில் உள்ள வரிசை எண்) மாதிரி ஒரே எண்ணில் எல்லோரும் பேசும் வசதியும் இல்லை. இங்கே விளிம்பு இன்னும் முக்கியம். 1920-களில் மியூனிக்கில் அடித்த வெள்ளிப் பதக்கங்களின் ஓரத்தில் ‘பவேரிய தலைமை நாணயச்சாலை’ என்ற ஜெர்மன் பெயரும் வெள்ளியின் தரமும் பொறித்திருக்கும். பெர்லின் பதக்கங்களில் ‘பிரஷ்ய அரசு நாணயச்சாலை’ என்று வரும். இந்தப் பொறிப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பொறிப்பு இல்லாதவை எல்லாம் தகரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பெர்லின் லோஸ் பட்டறையின் 1800 வாக்கிலான வெள்ளிப் பதக்கங்களின் ஓரம் வெறுமையாகவே இருக்கும். அங்கே அடர்த்திச் சோதனைதான் வழி. முலாம் பூசிய பதக்கத்தில் மூக்கு நுனி, தலைமுடியின் உச்சி, விளிம்பின் ஓரம் மூன்றிலும் செம்பு சிவக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மின்முலாம் நகல் இரண்டு ஓடுகளை ஒட்டிச் செய்தது. ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, சுண்டினால் மந்தமான சத்தம். வார்ப்பு நகலுக்கு இயற்கையே சாட்சி: உலோகம் ஆறும்போது 1 முதல் 2 சதவீதம் சுருங்கும். 60 மி.மீ. பதக்கம் 59-ல் நிற்கும். அதனால் பதக்கப் பட்டியலில் விட்டத்தை அரை மி.மீ. வரை பார்க்க வேண்டும்.

மியூனிக் கலைஞர் கார்ல் கெட்ஸின் லுசிட்டானியா பதக்கம் நகலுக்கு நல்ல பாடம். பிரிட்டிஷ் பயணிகள் கப்பலான லுசிட்டானியாவை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது 1915 மே 7. கெட்ஸ் முதல் வடிவத்தில் மே 5 என்று போட்டுவிட்டார். முன்கூட்டியே திட்டமிட்ட கொலை என்று காட்ட பிரிட்டனுக்கு அது வாகாய்ப் போயிற்று. பிரச்சாரத்துக்காக லட்சக்கணக்கில் இரும்பில் நகலெடுத்துப் பெட்டியில் போட்டு விற்றார்கள். மூலத்தில் மாதத்தின் பெயர் ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் இருக்கும், நகலில் ஆங்கிலத்தில். ஒரே ஒரு கடைசி எழுத்து, விலையில் பெரிய இடைவெளி.

1970-க்குப் பிறகு சந்தா முறையில் வீட்டுக்கு அனுப்பிய ‘நூறு மாமனிதர்’ வகைத் தொகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி சுத்தமானது, பெட்டி வெல்வெட். விற்கும்போது உருக்கு விலை.

செலவும் சேமிப்பும்

ஏலத்தில் கை தூக்கும் முன் கூட்டல் கழித்தலைத் தாளில் போடுங்கள். சுத்தியல் விலை 100 யூரோ, ஏல நிறுவனத்தின் மேல்கட்டணம் 25 சதவீதம் என்றால் கையை விட்டுப் போவது 125. அதற்கு மேல் காப்பீட்டுத் தபால், நாடு கடந்தால் சுங்கம். பிறகு அதே காசை ஏலத்திலேயே விற்றால் விற்பவர் கட்டணம் 15 சதவீதம் என்று வையுங்கள். போட்ட 125 திரும்ப வரச் சுத்தியல் 147-ல் விழ வேண்டும். லாபத்துக்கு என்று வாங்குகிறவர் இந்த 47-ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பட்டியல் புத்தக விலையை ஒரு மேல்வரம்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, முடிந்துபோன ஏலங்களின் விலையைத் தேடிப் பாருங்கள். பொதுவான காசுகள் பட்டியல் விலையில் பாதிக்கு முடிவதும் சகஜம்.

கடலோர ஊர்களின் ஈரத்தில் 500 தரக் காசு வேகமாகக் கறுக்கும், சில சமயம் பச்சை பூக்கும். அக்ரிலிக் கேப்சூலில் விட்டம் பார்த்துப் போடுங்கள்: 28, 29, 30, 32.5, 33, 36, 38. ஒரு மி.மீ. பெரிதாக இருந்தாலும் காசு உள்ளே உருண்டு தன் ஓரத்தையே தேய்த்துக்கொள்ளும். ஸ்டேப்ளர் அடிக்கும் அட்டை உறை என்றால் பின்னின் கால்களை இடுக்கியால் தட்டையாக்காமல் அடுக்கக் கூடாது. ரப்பர் பேண்ட், செய்தித்தாள், கம்பளித் துணி மூன்றும் கந்தகத்தைக் கசியவிடும், பெட்டிக்குள் வேண்டாம். சிலிகா ஜெல் பொட்டலத்தை மாதம் ஒருமுறை சூடாக்கி ஈரத்தைப் போக்கிவிட்டு வையுங்கள். ஈரம் குடித்த பொட்டலம் பெட்டிக்குள் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

ஒவ்வொரு கேப்சூலோடும் ஒரு துண்டுச்சீட்டு இருக்கட்டும். வாங்கிய தேதி, விலை, யேகர் எண், நாணயச்சாலை எழுத்து, வந்த அன்று தராசு காட்டிய எடை இரண்டு தசம இடம் வரை, தண்ணீரில் காட்டிய எண், விளிம்பில் வாசகம் எந்த எழுத்தில் தொடங்கி 12 மணியில் நிற்கிறது. விற்கவோ கண்காட்சிக்குக் கொடுத்து வாங்கவோ நேர்ந்தால், திரும்பி வந்தது நீங்கள் கொடுத்த அதே காசுதானா என்று சீட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.